ஐந்தாவது புதன்

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பல் துலக்கிக்கொண்டே வாசல் கதவைத் திறந்தவள், படியோரத்தில் பழைய பேப்பர் கட்டு ஒன்று இருப்பதைப் பார்த்தாள். சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே பிடிப்பதற்கு வாகாக ஒரு வளையம். அம்மாவின் கைவேலை.

"அம்மா, இது ஏன் வெளியில இருக்கு?"

"இன்னிக்குப் பேப்பர் நாள்டி."

"யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன." அம்மா அடுப்படியிலிருந்தே கரண்டியைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள்.

சுவரில் காலண்டர் தொங்கியது. நகராட்சிக்காக அவள் போட்ட காலண்டர். நீல வட்டம் பேப்பருக்கு, பச்சை கண்ணாடிக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மா மாதிரியான ஆட்களுக்குத்தான் அந்த வட்டங்கள். இருபத்தொன்பதாம் தேதியைச் சுற்றி, கொழுகொழுவென்று ஒரு நீல வட்டம் இருந்தது.

வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

விஷயம் இவ்வளவுதான். நகராட்சியின் பேப்பர் வண்டி மாதத்தில் முதல் புதனும் மூன்றாம் புதனும் வரும். காலண்டர் போட்ட அன்று அவள் நாள்களை அப்படி எண்ணவில்லை; ஒரு புதன் விட்டு ஒரு புதன் என்று வட்டம் போட்டுக்கொண்டே போனாள். முதல் இரண்டு மாதமும் இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. இந்த மாதம் ஐந்து புதன். ஒன்று, மூன்று, அடுத்தது ஐந்து என்று அவள் பேனா தாவியிருக்கிறது. வண்டிக்கு அன்று வேலை கிடையாது. ஊரில் ஆயிரத்து நானூறு வீட்டுச் சுவரில் அந்த வட்டம் தொங்குகிறது. ஆயிரத்து நானூறு வாசலிலும் இந்நேரம் பேப்பர் கட்டு வந்து உட்கார்ந்திருக்கும்.

அண்ணாந்து பார்த்தாள். கிழக்கே வானம் அடிப்பிடித்த பாத்திரம் போலக் கறுத்துக் கிடந்தது.

இன்னும் ஐந்து நாளில், திங்கட்கிழமை, நகர்மன்றக் கூட்டம். வீடு வீடாகக் குப்பையைப் பிரித்து வாங்கும் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று மாதச் சோதனைக் காலம் கொடுத்திருந்தார்கள், அது முடிகிறது. போன மாதம் பேப்பர் ஆலை ஒரு லோடு முழுவதையும் ஈரம் என்று திருப்பி அனுப்பியபோதே தலைவர் சொல்லிவிட்டார்: "இன்னொரு லோடு திரும்பி வந்தா கடையைச் சாத்திடலாம். பழையபடி எல்லாத்தையும் குப்பைமேட்டுல கொட்டிட்டுப் போவோம்." சாத்தினால் தரம்பிரிக்கும் கொட்டகையில் நிற்கும் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை போகும். அவளுக்கும் போகும். மறுசுழற்சி ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு நீளமான பதவி அவளுடையது. அந்தக் குடும்பத்தில் மேசை போட்ட வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

அதைவிடப் பெரிது ஒன்று இருந்தது. பேப்பரைப் பிரித்து வை, ஈரம் படாமல் வை, கட்டி வை என்று மூன்று மாதம் வீட்டுக்கு வீடு தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள். சொன்னபடி வைத்தவர்கள் கண்ணெதிரே அது நனைந்து கூழானால், அப்புறம் ஒருத்தரும் பிரிக்க மாட்டார்கள். அவளே பிரிக்க மாட்டாள்.

வண்டி ஓட்டுநருக்கு போன் போட்டாள். ஊரில் அவரை ஸ்டியரிங் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, வண்டி எங்க?"

"மேல தொங்குது."

"என்னது?"

"ஒர்க்‌ஷாப்ல ஜாக்கி போட்டுத் தூக்கி வெச்சிருக்காங்கம்மா. நாலு சக்கரமும் கழட்டியாச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி செவுத்தோரம் வரிசையா நிக்குது. பிரேக்கு மாத்தி முடிக்க ராத்திரி ஆயிரும். வண்டிக்கு வேலையில்லாத புதன்னு நீதான கையெழுத்துப் போட்டுக் குடுத்த?"

ஆமாம். அதற்கும் அவள்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். மற்ற வண்டிகள் எல்லாம் சமையலறைக் குப்பை எடுப்பவை. அவற்றில் பேப்பரை ஏற்றுவதும் ஒன்றுதான், மழையில் விடுவதும் ஒன்றுதான்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அம்மா.

"காலண்டர்ல தப்பாப் போட்டுட்டேன்மா. இன்னிக்கு வண்டி வராது."

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, நம்ம தெருவை நான் பாத்துக்கறேன். மாடிப்படிக்குக் கீழ எல்லாத்தையும் அடுக்கிடலாம். நீ போ" என்றாள்.

"திட்டலயா?"

"படிச்சவளுக்குத் தப்பே வராதுன்னு நெனச்சியா? போடி, மழை வருது."

கொட்டகைக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். என்ன ஒழுங்கு! மூன்று மாதத்துக்கு முன் முட்டை ஓட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் ஒரே பையில் திணித்துக் கொடுத்த ஊர் இது. இன்று வீட்டுக்கு வீடு கட்டு. ஒரு வீட்டில் அட்டைப்பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கி, பெரியது கீழே சிறியது மேலே என்று அடுக்கியிருந்தார்கள். ஒரு வீட்டில் கயிறு இல்லை போலிருக்கிறது, பழைய ஷூ லேஸால் கட்டியிருந்தார்கள். அவள் சொன்னதை நம்பி இத்தனை பேர் குனிந்து நிமிர்ந்திருக்கிறார்கள். கண்ணைக் கரித்தது. அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை; பெரும்பாலும் ஆத்திரம்தான். அவளுக்கு எது வந்தாலும் ஆத்திரத்தின் வாசல் வழியாகத்தான் வரும்.

தகரக் கூரை போட்ட கொட்டகையில் பன்னிரண்டு பேரும் நீள மேசையின் இரண்டு பக்கமும் நின்று பிளாஸ்டிக் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு பட்டென்று நின்றது. அது வழக்கம்தான். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. வந்த மூன்று மாதத்தில் பதினேழு அறிவிப்பு ஒட்டியிருக்கிறாள். கையுறை கட்டாயம். தேநீர் இடைவேளை பத்து நிமிடம். அதில் எல்லோர் வாயிலும் அதிகம் விழுந்தது ஒன்பதாவது அறிவிப்பு: பை விநியோகிக்கச் செல்லும் பணியாளர்கள் வீட்டாருடன் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது. அதை அவள் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. ஒரு பை கொடுக்க ஒரு மணி நேரம் ஆனால் யாருக்குத்தான் கோபம் வராது.

"ஒரு விஷயம்" என்றாள். "காலண்டர்ல இன்னிக்குப் பேப்பர் நாள்னு போட்டிருக்கேன். அது தப்பு. நான் பண்ணின தப்பு. ஊர் பூரா பேப்பர் வெளியில இருக்கு, வண்டி கிடையாது, மழை வருது. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மேசைக் கடைசியிலிருந்து ஒரு குரல்: "இது எத்தனாவது சுற்றறிக்கை?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியக்கா சிரிக்கவில்லை. வயதில் மூத்தவள் என்பதால் வந்த பெயர் இல்லை அது. ஆறடி உயரம், அதனால் பெரியக்கா. அவள் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள்.

"மழைக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

"பதினோரு மணிக்கு மேலன்னு போன்ல காட்டுது."

"இப்ப ஏழரை. ஊருல எத்தனை தெரு?"

"இருபத்திரண்டு."

"எடுத்துட்டு வரவே வேணாம். வண்டி நாளைக்கு வரட்டும். அந்தந்தத் தெருவிலயே ஒரு கூரைக்குக் கீழ சேர்த்துட்டாப் போதும்." பெரியக்கா விரலை மடக்க ஆரம்பித்தாள். "தண்ணித்தொட்டித் தெருவுல பல் டாக்டர் வீட்டுக் கார் ஷெட் காலியா இருக்கு. காரை வித்துட்டாங்க. பள்ளிக்கூடத் தெருவுல தையல்காரம்மா வீட்டு முன்ஹால், அது பெருசு. அவங்க வீட்டுக்காரர் ஊருல இல்ல, நம்மகிட்டச் சாவி குடுத்துருவாங்க."

"மில்லுக்குப் பின்னால இருக்கற சந்துல ஒரு பழைய குடோன் இருக்கு" என்றாள் இன்னொருத்தி. "அந்தத் தாத்தாவுக்குக் காது கேக்காது. கதவைத் தட்டக்கூடாது, ஜன்னலுக்கு நேரா போய் நின்னு கையாட்டணும்."

"கடைசித் தெருவுல ஜிம்மு. காலையில ஒம்பது வரைக்கும்தான் கூட்டம். அந்தப் பையங்களையே தூக்கச் சொல்லலாம், சும்மா இரும்பைத் தூக்கிட்டுத்தான இருக்கானுங்க."

அவள் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். "இதெல்லாம் எப்படிக்கா உங்களுக்குத் தெரியும்?"

பெரியக்கா தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேசினோம்."

ஆளுக்கு ஒரு தெரு, இரண்டு தெரு என்று கிளம்பிவிட்டார்கள். ஒரே ஒரு இடம் மிஞ்சியது. கடைவீதி. நூற்றெண்பது வீடு, எல்லாம் மேலும் கீழுமாக நெருக்கியடித்த வீடு. அங்கே கூரை என்று சொல்லிக்கொள்ள இருப்பது வாட்ச் ரிப்பேர் கடைக்காரரின் கட்டடம் ஒன்றுதான். அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"மனு மாமாவா? நான் மாட்டேம்பா."

"அவரு என் மேலயே ஒரு மனு போட்டிருக்காரு. பை குடுக்கும்போது கேட்டைச் சத்தமா சாத்தினேன்னு."

"நான் போறேன்" என்றாள் அவள். தப்பு செய்தவள் போகாமல் யார் போவது.

மனு மாமாவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தெருவிளக்கு ஐந்து நிமிடம் முந்தி எரிந்தால் மனு. சாக்கடை மூடி கால் அங்குலம் தூக்கியிருந்தால் மனு. ஒவ்வொன்றும் பழுப்பு உறையில், வரிசை எண் போட்டு, பொடிப்பொடி எழுத்தில் வரும். மறுசுழற்சி தொடங்கியதிலிருந்து எல்லாம் அவள் மேசைக்கு. முதல் பத்தைப் படித்தாள். அப்புறம் உறையைப் பிரிப்பதையே விட்டுவிட்டாள்.

கடையில் அவர் கண்ணில் உருப்பெருக்கியைச் சொருகிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நிமிராமலே, "எட்டு பத்துக்கு வந்திருக்க. ஆபீஸ் பத்து மணிக்குத்தான?" என்றார்.

"சார், ஒரு தப்பு நடந்திருச்சு. என் தப்பு. காலண்டர்ல—"

"அஞ்சாவது புதன்."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"மனு நாப்பத்தொண்ணு" என்றார் அவர். "போன மாசம் பன்னிரண்டாம் தேதி குடுத்தேன். உன் அறிவிப்புப் பலகையில முதல் புதன், மூன்றாம் புதன்னு இருக்கு, காலண்டர்ல அஞ்சாவது புதனுக்கு வட்டம் இருக்கு, எது சரின்னு தெளிவுபடுத்தவும்னு கேட்டிருந்தேன். படிக்கலயா?"

உறை அவள் கண்முன் வந்து நின்றது. மேசையில், இடது பக்கத் தட்டில், ஸ்டேப்ளருக்கு அடியில். மேலே அவள் டீ டம்ளர் வைத்த வட்டத்தோடு.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பிரிக்கவே இல்ல சார்."

அவர் உருப்பெருக்கியைக் கழற்றினார். கண்ணைச் சுற்றி வட்டமாக ஒரு தடம். கடை முழுக்க டிக் டிக் என்று எல்லாக் கடிகாரமும் சேர்ந்து அவளைத் திட்டிக்கொண்டிருந்தன.

"இப்ப மனுவைப் பத்திப் பேசறதா, மேகத்தைப் பத்திப் பேசறதா?"

"மேகத்தை."

"பக்கத்துக் கடை ஆறு மாசமா காலி. வாடகைக்கு ஆள் கிடைக்கல. ஷட்டர் துரு ஏறியிருக்கு, ரெண்டு பேர் சேர்ந்துதான் தூக்கணும். பிடி."

ஷட்டர் கிரீச்சென்று மேலேறியது. உள்ளே சிலந்தி வலையும் சிமெண்டு வாசனையும். தரை காய்ந்திருந்தது, அதுதான் வேண்டும்.

அதன் பிறகு நடந்ததை அவள் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. மனு மாமா தன் கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். கையெழுத்து வாங்க வந்திருக்கிறார் என்று பயந்து பாதி பேர் கதவைத் திறக்கவில்லை. "கையெழுத்து வேணாம்பா, கை மட்டும் குடுங்க" என்று சந்துக்குள் நின்று அவர் கத்த, மாடியிலிருந்து ஒவ்வொருத்தராக எட்டிப் பார்த்தார்கள். முடிவெட்டுகிறவர் வாடிக்கையாளரைப் பாதிக் கிருதாவோடு விட்டுவிட்டு வந்தார். அந்த வாடிக்கையாளர் கழுத்தில் துணியோடு அவர் பின்னாலேயே வந்து தானும் நாலு கட்டு தூக்கினார். ஒரு அம்மாள் முணுமுணுத்தாள், "வெளியில வைன்னு ஒரு காகிதம், உள்ள வைன்னு ஒரு பொண்ணு. யாரு போட்டது இந்தக் காலண்டரை?"

"நான்தாங்க" என்றாள் அவள், மார்போடு ஐந்து கட்டை அணைத்தபடி.

அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சியெல்லாம் கரி. தொடச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, மேலிருந்த ஒரு கட்டை அவள் கையிலிருந்து பிடுங்குவது போல வாங்கி, தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மழை பதினொன்று இருபதுக்கு வந்தது. அதற்குள் இருபத்தொரு தெரு முடிந்திருந்தது. பெட்ரோல் பங்குக்குப் பின்னாலிருந்த தெரு மட்டும் பாதியில் மாட்டிக்கொண்டது. நாற்பது வீட்டுப் பேப்பர் நனைந்தது. மறுநாள் வண்டி வந்ததும் அவளே கொட்டகையில் நின்று அந்த ஈரக் கட்டுகளைத் தனியாக ஒதுக்கி, எடை போட்டு, ஏட்டில் "நனைந்தது, என் தவறு" என்று எழுதினாள்.

அவளுக்கு மேலதிகாரியான நகராட்சிப் பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல மனுஷன், பயந்த மனுஷன். "ஏம்மா, அச்சகத்து மேல போட்டுடேன். பிரிண்டிங் மிஸ்டேக்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

"அச்சகத்துல நான் குடுத்ததைத்தான் சார் அடிச்சாங்க."

"திங்கக்கிழமை கூட்டம் இருக்கு."

"தெரியும் சார். அங்கயும் இதையேதான் சொல்லப் போறேன்."

வெள்ளிக்கிழமை லோடு ஆலைக்குப் போனது. அவளும் ஸ்டியரிங்கோடு முன் சீட்டில் உட்கார்ந்து போனாள். ஆலைக்காரர் நீளமான ஊசி பொருத்திய ஒரு கருவியைக் கட்டுகளின் நடுவில் குத்திக் குத்தி எடுத்தார். ஒவ்வொரு குத்துக்கும் அவள் எட்டி அதில் விழும் எண்ணைப் பார்த்தாள். ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் வண்டி திரும்பும். எட்டு. ஒன்பது. எட்டு. பத்து. எட்டு.

"காஞ்ச சரக்கு" என்று சொல்லி அவர் எடைச் சீட்டில் முத்திரை குத்தினார். ஸ்டியரிங் வெளியே போய் வண்டியின் டயரை ஒரு தட்டு தட்டினார். மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல இருந்தது.

திங்கட்கிழமை மன்றத்தில் அவள் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். தவறு யாருடையது, காப்பாற்றியது யார், எந்தெந்தத் தெருவில் எந்தெந்தக் கூரை. பல் டாக்டர், தையல்காரம்மா, ஜிம், காது கேட்காத பெரியவர் என்று வாசித்துக்கொண்டே போனாள். தலைவர் இடையில் நிறுத்தி, "பேப்பரைக் காப்பாத்த ஊரே ஓடிச்சா? குடிதண்ணி வரலன்னாக்கூட யாரும் ஓடினதில்லையே" என்றார். இன்னும் ஒரு வருடத்துக்கு நடத்தலாம் என்று முடிவாயிற்று. எதிர்த்து இரண்டு கை. ஒரு கை, பாதிக் கிருதாவோடு நின்ற வாடிக்கையாளரின் தம்பியுடையது.

அன்று மாலை கொட்டகைக்குப் போய் ஒன்பதாவது அறிவிப்பைச் சுவரிலிருந்து கிழித்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கிழித்த தாளைப் பேப்பர் கூடையில் போட்டாள்.

"பசை ஒட்டியிருக்கு" என்றாள் பெரியக்கா. "பசை ஒட்டினது அதுல போகாது. நீ போட்ட நாலாவது அறிவிப்பு."

கொட்டகையே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். அங்கே அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

நன்றி என்ற சொல்லோடு அவளுக்கு ஒரு பழைய பகை. பள்ளியிலிருந்து கல்லூரி வரை உதவித்தொகையில் படித்தவள். ஒவ்வொரு வருடமும் ஒரு மேடை. யாரோ எழுதிக் கொடுத்த தாள். "என்னைப் போன்ற ஏழை மாணவிக்கு" என்று தொடங்கும். எதிரே முதல் வரிசையில் பணம் கொடுத்தவர்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, அவள் எவ்வளவு குனிகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வருடம் தாளைப் படிக்காமல் மேடையிலிருந்து இறங்கிவிட்டாள். அன்றோடு அந்தச் சொல் தொண்டையில் முள்ளாகிவிட்டது. வீட்டிலும் அது புழங்குகிற சொல் இல்லை; அம்மாவிடம் யார் நன்றி சொன்னாலும் "போடி" என்பாள்.

ஆனால் இந்த மனிதர்கள் அவளைக் குனியச் சொல்லவில்லை. அவர்கள்தான் குனிந்து கட்டைத் தூக்கினார்கள். தாள் எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. இந்த ஒரு தடவை அந்தச் சொல் அவளுடையது. கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம்.

"ரொம்ப நன்றிக்கா" என்றாள். பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மேசையைச் சுற்றி வந்து பன்னிரண்டு பேர் முகத்தையும் பார்த்துப் பன்னிரண்டு தடவை சொன்னாள். ஐந்தாவது ஆளுக்குள் தொண்டை பழகிவிட்டது. கடைசி ஆள், "சரி சரி, பத்து நிமிஷம் ஆச்சு, டீ டைம் முடிஞ்சிருச்சு" என்றாள்.

அந்த வாரம் முழுக்கக் கூரை கூரையாகப் போனாள். ஜன்னலுக்கு நேராக நின்று கையாட்டினாள். ஜிம் பையன்களிடம் சொன்னபோது அவர்கள் கூச்சத்தில் இரும்பைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியாக வாட்ச் கடை.

"நன்றி சார்."

"கேக்கல. கடியாரச் சத்தம்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. முடிவெட்டுகிறவர் எட்டிப் பார்த்தார்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார். "மனு நாப்பத்திரண்டு."

"இது எதுக்கு சார்?"

"காலண்டர்ல எழுத்து சின்னதா இருக்கு. வயசானவங்களுக்குத் தெரியல. அப்புறம் வரப்போற பன்னிரண்டு மாசத்துல அஞ்சு புதன் வர்ற மாசம் எதெதுன்னு மூணாவது பத்தியில எழுதியிருக்கேன். நாளைக்கு ஆபீஸ்ல நிதானமா படி."

அவள் நாளை வரை வைக்கவில்லை. அங்கேயே உறையைப் பிரித்தாள். கடையில் உட்கார இன்னொரு நாற்காலி கிடையாது. வாசல் வெளிச்சத்தில் நின்றபடி, இரண்டு பக்கம், பொடிப்பொடி எழுத்து, முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை ஒன்று விடாமல் படித்தாள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்" என்றாள் படித்து முடித்து. "காலண்டர்ல எழுத்து சின்னதுங்கறீங்க. உங்க எழுத்தைப் படிக்க அந்தக் கண்ணாடி வேணும் போலிருக்கே."

அவர் உருப்பெருக்கியைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினார். "இந்தா. மூணாவது பத்தியை இன்னொரு தடவை படி."